பணி ஓய்வுக்குப் பின் மீண்டும் தூரிகை: நீலகிரியில் நீர்வண்ணம் பழகுவோருக்கு

பள்ளி நாட்களில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்காக ஃப்ரீஹேண்டும் மாடல் டிராயிங்கும் பழகி, லோயர், ஹையர் இரண்டையும் முடித்தவர்கள், பின்னர் வங்கி, பள்ளிக்கூடம், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை என்று வேலைக்குப் போய், பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, அறுபதை ஒட்டிய வயதில் மறுபடியும் தூரிகையை எடுக்க நினைப்பது நீலகிரியில் புதிதல்ல. அவர்களில் பலர் தொடங்கிய வேகத்திலேயே நிறுத்திவிடுவதையும் பார்க்கிறேன். ஏராளமான வண்ணங்கள் அடங்கிய பெட்டியும் மெல்லிய தாளும் வாங்கி வைத்துக்கொண்டு, முதல் நாளே தொட்டபெட்டாவிலிருந்து தெரியும் மலைத்தொடர் முழுவதையும் வரைய உட்கார்ந்தால், நல்ல தேர்ச்சி உள்ளவருக்கும் கை சோர்ந்துவிடும். நான் சொல்லப்போவது இதற்கு நேர்மாறான வழி: நல்ல தாள், நான்கு வண்ணங்கள், வீட்டிலிருந்தே தெரியும் ஒரே ஒரு காட்சி, அதோடு இந்த மலையின் ஈரத்தை அனுசரித்துப் போகும் பொறுமை.

எந்த வகை வண்ணத்தில் தொடங்குவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். சமவெளியில் இருப்பவர்கள் விருப்பத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கலாம். இங்கே குளிரையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது. எண்ணெய் வண்ணத்தில் உள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்துதான் இறுகும். குளிர் கூடினால் அந்த வேலை மந்தமாகிவிடும். அதைவிடக் கவனிக்க வேண்டியது டர்பன்டைன் ஆவி. உதகையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார முடியாது; சாத்திய அறையில் அந்த ஆவியைச் சுவாசித்தபடி மணிக்கணக்கில் இருப்பது, குறிப்பாக மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களுக்கு, நல்லதல்ல. அக்ரிலிக் வண்ணத்துக்கு வேறு சிக்கல் உண்டு. சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அதிலுள்ள நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று சரியாக இணையாமல், காய்ந்த படலம் பலவீனமாகி வெடிப்பு விடக்கூடும். உறைபனி விழும் இரவில், கணப்பு இல்லாத அறையில் காயவிட்ட அக்ரிலிக் படத்துக்கு இந்த ஆபத்து இருக்கிறது. நீர்வண்ணத்துக்கு ஆவியும் இல்லை, பெரிய ஏற்பாடும் வேண்டியதில்லை. சாப்பாட்டு மேசையின் ஓரம் போதும். மூடுபனியும் சாரலும் நிறைந்த இந்த மலையின் இயல்பைத் தாளில் கொண்டுவருவதற்கும் அதைவிடப் பொருத்தமான சாதனம் வேறில்லை என்பது என் திடமான கருத்து.

தாளில் சிக்கனம் வேண்டாம்

கையில் உள்ள பணத்தில் பெரும்பங்கைத் தாளுக்கே செலவிடுங்கள். வண்ணம் சுமாராக இருந்தாலும் நல்ல தாள் அதைத் தாங்கிக்கொள்ளும்; தாள் மோசமானால் எவ்வளவு விலையுயர்ந்த வண்ணமும் வீண். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, நூறு சதவீதம் பருத்தியால் ஆன, லேசான சொரசொரப்புள்ள கோல்டு பிரஸ் வகைத் தாளாகக் கேட்டு வாங்குங்கள். மலையூர்க் கடைகளில் பெரும்பாலும் பள்ளி மாணவர்களுக்கான டிராயிங் தாள்தான் கிடைக்கும் என்பதால், கோயம்புத்தூருக்குப் போகும்போது வாங்கிக்கொள்வதோ இணையத்தில் தருவிப்பதோ நல்லது. முழுத் தாள் 56 சென்டிமீட்டருக்கு 76 சென்டிமீட்டர் அளவில் வரும். அதை எட்டாக வெட்டினால் 28க்கு 19 சென்டிமீட்டர் துண்டுகள் கிடைக்கும்; தொடக்கத்தில் இந்த அளவே போதுமானது. பெரிய வெள்ளைப் பரப்பை நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லாததால் ஒரே அமர்வில் ஒரு படத்தை முடித்துவிடலாம், பிடிக்காவிட்டால் மனவருத்தம் இல்லாமல் அடுத்த துண்டை எடுக்கலாம்.

வாங்கிய தாளைப் பாதுகாப்பது இங்கே தனி வேலை. நீர்வண்ணத் தாளில், வண்ணம் உடனே உள்ளே இறங்கிவிடாமல் இருப்பதற்காக, சைஸிங் எனப்படும் பசைப்பூச்சு கொடுத்திருப்பார்கள். பல நல்ல தாள்களில் அது ஜெலட்டின். பூஞ்சைக்கு அது விருப்பமான உணவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர், கோத்தகிரி வீடுகளின் வெளிச்சுவர்கள் எப்படி ஓதம் ஏறிக் கிடக்கும் என்பது இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். அந்தச் சுவரை ஒட்டிய அலமாரியில் தாளை வைத்தால், மழைக்காலம் முடியும்போது பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனால் ஈரத் தூரிகையை ஓட்டியதும், சீரான பரப்பின் நடுவே மிளகு அளவில் கருத்த புள்ளிகள் தோன்றும். பசை செத்துப்போன இடங்களில் தாள் ஒற்றுத்தாளைப் போல வண்ணத்தை உறிஞ்சிக்கொள்வதால் வரும் புள்ளிகள் அவை. அதற்கு மருந்தில்லை. ஆகவே தாளை நல்ல பாலித்தீன் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு, நன்றாக மூடி, வீட்டின் உள்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து உயரமாக, படுக்கை வசத்தில் வையுங்கள். வெயில் காயும் நாளில் சிலிக்கா ஜெல்லை எடுத்து உலர்த்திக்கொள்ளலாம். வண்ண டப்பாவையும் ஈரத்தோடு மூடாதீர்கள். ஓர் இரவு திறந்து வைத்து, வண்ணக்கட்டியின் மேற்பரப்பு காய்ந்த பிறகு மூடினால் பூஞ்சை படராது.

நான்கு வண்ணங்கள்

அல்ட்ராமரின் நீலம், செம்பழுப்பான பர்ன்ட் சியன்னா, ஒரு குளிர்ச்சியான (எலுமிச்சைச் சாயலுள்ள) மஞ்சள், ஒரு ரோஜாச் சிவப்பு: இந்த நான்கு டியூப்கள் ஆறு மாதத்துக்குப் போதும். ஸ்டூடன்ட் தரத்தில் பன்னிரண்டு வாங்கும் பணத்துக்கு ஆர்ட்டிஸ்ட் தரத்தில் நான்கு வாங்குவது மேல். டியூப்பின் மேல் சிறிய எழுத்தில் நிறமியின் குறியீடு அச்சிட்டிருக்கும்; அல்ட்ராமரினுக்கு பிபி 29, நான் சொல்லும் ரோஜாச் சிவப்புக்கு பிவி 19. பெயரை நம்பாமல் இந்தக் குறியீட்டைப் பார்த்து வாங்கப் பழகுங்கள். அலிசரின் கிரிம்சன் என்ற பெயரில் பிஆர் 83 இருந்தால் தவிர்த்துவிடுங்கள். அந்த நிறமி வெளிச்சத்தில் வெளுத்துவிடும். சமவெளியைவிடப் புற ஊதாக் கதிர் கூடுதலாக விழும் இந்த உயரத்தில், சன்னலோரத்தில் மாட்டிய படத்துக்கு அது ஆகாது.

பச்சை டியூப் வேண்டாமா என்று எல்லோரும் கேட்பார்கள். திரும்பிய பக்கமெல்லாம் தேயிலை இருக்கும் ஊரில் நியாயமான கேள்விதான். ஆனால் கொழுந்து வந்த தோட்டத்தின் பச்சையும், கொழுந்து பறித்த மறுநாள் அதே தோட்டம் காட்டும் பச்சையும், சோலைக்காட்டின் இருண்ட பச்சையும், கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) சாம்பல் கலந்த பச்சையும் ஒன்றல்ல. டியூப்பிலிருந்து வரும் பச்சை ஒன்றை எல்லா இடத்திலும் பூசினால் படம் பிளாஸ்டிக் பாயைப் போலத் தட்டையாகிவிடும். அல்ட்ராமரினோடு மஞ்சளைக் கலந்து, அதில் பர்ன்ட் சியன்னாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே போனால் கொழுந்துப் பச்சையில் தொடங்கி முற்றிய இலை வரை வந்துவிடலாம். இன்னும் நீலம் சேர்த்தால் சோலை. கவாத்து வெட்டிய தோட்டத்துக்கு, வெறும் குச்சிகளாக நிற்கும் அந்தச் செடிகளுக்கு, பர்ன்ட் சியன்னாவும் நீலமும் கலந்த சாம்பலே போதும். சோலை மரங்கள் புதுத்தளிர் விடும்போது பச்சைக்கு இடையில் செம்பும் சிவப்புமாக நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். அங்கேதான் ரோஜாச் சிவப்புக்கு வேலை வரும்.

குறைந்த வண்ணத்தில் நிறைவாகச் செய்யலாம் என்பதற்குச் சான்று தேடி எங்கும் போக வேண்டியதில்லை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் எம்பிராய்டரியில், வெள்ளைப் பருத்தித் துணியின் மேல் சிவப்பும் கறுப்பும் மட்டுமே. இந்த மலையின் பழங்குடியினரான ஆலுக் குறும்பர் தங்கள் ஓவியங்களுக்கு வேங்கைப் பிசின், மண், இலைச்சாறு, கரி ஆகியவற்றைக் கொண்டே தேனெடுப்பையும் திருவிழாவையும் தீட்டி வந்திருக்கிறார்கள். கோத்தகிரிப் பக்கம் போகும்போது அந்த ஓவியங்களைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். படியெடுப்பதற்காகச் சொல்லவில்லை, இரண்டு மூன்று நிறங்களுக்குள் மனித உருவமும் மரமும் எப்படித் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன என்று பார்ப்பதற்காகச் சொல்கிறேன்.

தூரிகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 10 அல்லது 12ஆம் எண் வட்டத் தூரிகை ஒன்று, ஓர் அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்று, கிளைகளுக்கு 4ஆம் எண் ஒன்று. சிந்தெடிக் மயிரே போதுமானது.

கண்ணும் கையும்

ஓய்வுக்குப் பின் திரும்புபவர் இருபது வயதுக் கண்ணோடு திரும்புவதில்லை. வயது கூடும்போது கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிக்கொண்டே வரும். அது நீல ஒளியைக் கொஞ்சம் தடுக்கும். மாற்றம் மெதுவாக நிகழ்வதால் நமக்கே தெரியாது. பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே கண்புரையோடு வரைந்த படங்களில் செம்பழுப்பு மேலோங்கியிருப்பதும், 1923இல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பின் நீலம் அவருக்கு மிகுதியாகத் தெரிந்ததும் ஓவிய வரலாற்றில் நன்கு அறியப்பட்டவை. நீலகிரியின் தூர மலைகளை வரைபவருக்கு நீலம்தான் உயிர் என்பதால், தொடங்கும் முன் ஒருமுறை கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். புரை அறுவை செய்யவிருப்பவர்கள் அதற்கு முன் வரைந்த படங்களைப் பின்னர் திருத்த உட்காராதீர்கள். அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் புதிய கண்ணோடு புதிய தாளில் தொடங்குங்கள். கண்ணாடி எழுதும்போது, படிக்கும் தூரத்தோடு, வரையும் பலகை இருக்கும் 50 முதல் 60 சென்டிமீட்டர் தூரத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபவர்கள் பலகையை நோக்கிக் குனிந்தே இருப்பார்கள். கழுத்து வலி அதனால்தான் வருகிறது.

கை சற்று நடுங்குமானால் தூரிகையை நுனியில் பிடிக்காமல் நடுவுக்கு மேலே பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை ஓட்டிப் பழகுங்கள். நுண்ணிய கோடு தேவைப்படும் இடத்தில் சுண்டுவிரலைத் தாளில் ஊன்றிக்கொள்ளலாம். காலைக் குளிரில் விரல் மூட்டுகள் மடங்க மறுத்தால், தூரிகையின் காம்பில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக்கொண்டு, வெயில் வந்த பிறகு தொடங்குங்கள். கோட்டின் நேர்த்தி முன்போல வராது என்று வருந்த வேண்டியதில்லை. நீர்வண்ணத்தில் கோட்டைவிட நீரும் நேரமும் செய்யும் வேலையே அதிகம்.

நீரின் நேரத்தைப் படித்தல்

முதல் இரண்டு வாரம் படம் எதையும் வரையாமல் அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பலை மட்டும் வைத்துப் பழகுங்கள். ஒரு துண்டுத் தாளில் மிக வெளிறியதிலிருந்து மிகக் கருத்தது வரை ஐந்து படிகளைத் தீட்டுங்கள். பிறகு அதே ஐந்து படிகளை ஐந்து மலைவரிசைகளாக்குங்கள்: தொலைவில் உள்ளது வெளிறி நீலம் மிகுந்து, அருகே வர வர கருமையும் சியன்னாவின் வெதுவெதுப்பும் கூடி நிற்க வேண்டும். நடுவிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் தொலைவு நீலமாகிறது. கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் எவருக்கும் இந்த விதி கண்ணெதிரே தெரியும். ஒவ்வொரு வரிசையும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்ததைத் தீட்டுங்கள்.

இதற்கு அடுத்தது ஈரத்தில் ஈரம் இடும் முறை. இதில் தேர்ந்தால் மூடுபனி தானாகவே கைக்கு வந்துவிடும், ஆகவே இதற்குக் கூடுதல் நாள் ஒதுக்குங்கள். தாளை மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டி, பலகையின் தலைப்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்தி, சுத்தமான தண்ணீரைத் தட்டைத் தூரிகையால் பூசுங்கள். இனிப் பலகையை விளக்குக்கு எதிராகச் சாய்த்துப் பாருங்கள். முதலில் தாள் கண்ணாடிபோல மின்னும். இப்போது வண்ணம் வைத்தால் அது ஓடிப் பரவி உருவமே நிற்காது, வானத்துக்கும் மஞ்சுக்கும் மட்டும் இந்த நிலை ஆகும். சிறிது நேரத்தில் மினுக்கம் மங்கிப் பட்டுத்துணியின் பளபளப்புக்கு வரும். தொலைவிலுள்ள சில்வர் ஓக் மரங்களை வைக்க வேண்டிய தருணம் இதுதான்: தூரிகையைத் துணியில் ஒற்றி, கெட்டியாகக் கலந்த வண்ணத்தை எடுத்து ஒரே தொடுகையில் வைத்தால், மரத்தின் விளிம்பு மட்டும் கரைந்து, உடல் நிலைத்து நிற்கும். மினுக்கம் முழுதும் போய், புறங்கையை வைத்தால் தாள் சில்லென்று மட்டும் இருக்கும் நிலைதான் ஆபத்தானது. அப்போது நீர் மிகுந்த தூரிகையால் தொட்டால் வண்ணம் பின்வாங்கி, காலிஃப்ளவர் வடிவில் கறை விழுந்துவிடும். தாளில் இருப்பதைவிடத் தூரிகையில் நீர் குறைவாக இருக்க வேண்டும் என்ற ஒரு விதியை நினைவில் வைத்தால் இந்தக் கறை வராது.

இந்த நிலைகள் எத்தனை நிமிடம் நீடிக்கும் என்பது நாளுக்கு நாள் மாறும். பிப்ரவரி வெயிலில் சில நிமிடங்களில் காயும் தாள், நவம்பரில் மஞ்சு சன்னலை அடைத்து நிற்கும் பிற்பகலில் அரை மணி நேரத்துக்கு மேலும் ஈரமாகவே கிடக்கும். சமவெளியிலிருந்து காணொளி வழியாகப் பாடம் நடத்துபவர் சொல்லும் நிமிடக் கணக்கு இங்கே செல்லாது. அவசரப்பட்டு ஹேர் டிரையரைக் காட்டாதீர்கள். மினுக்கம் இருக்கும்போது ஊதினால் வண்ணம் ஒதுங்கிக் கோடு விழும். மாறாக, அந்த அரை மணி நேரத்தைச் சாதகமாக்கிக்கொள்ளுங்கள். நீண்ட ஈரம் இருப்பதால்தான் அடுக்கடுக்கான மஞ்சைப் பதற்றமில்லாமல் இங்கே தீட்ட முடிகிறது.

ஒரே காட்சி

வீட்டுச் சன்னலிலிருந்தோ திண்ணையிலிருந்தோ தெரியும் ஒரு காட்சியைத் தேர்ந்துகொண்டு, ஓராண்டு முழுதும் அதையே வரையுங்கள். எதிர்ச்சரிவுத் தேயிலை, ஒரு ஹட்டியின் (படுகர் ஊரின்) ஓட்டு வரிசை, கேரட் பாத்தி, இரண்டு கற்பூர மரங்கள், எதுவானாலும் சரி. வடிவம் பழகிவிட்டால் ஒவ்வொரு முறையும் பென்சிலோடு மல்லுக்கட்ட வேண்டியிராது. கவனம் முழுதும் ஒளிக்கும் ஈரத்துக்கும் போகும். மோனே வைக்கோல் போர்களையும், பின்னர் ருவான் நகரத்துத் தேவாலய முகப்பையும் வெவ்வேறு வேளைகளில் மறுபடி மறுபடி வரைந்தது இதற்காகத்தான். இங்கே அதற்கு இன்னும் வசதி: ஒரே காலைக்குள் காட்சி முழுதாக மறைந்து, பாதி தெரிந்து, மறுபடி மறையும்.

ஒவ்வொரு துண்டின் பின்புறமும் தேதி, மணி, வானிலை, தாள் காய எடுத்த நேரம் ஆகிய நான்கையும் பென்சிலால் எழுதுங்கள். ஓராண்டில் உங்கள் வீட்டுக்கே உரிய காயும் கணக்கு ஒன்று சேர்ந்துவிடும். அதைப்போல உதவும் பாடம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது.

வெளியே போகும்போது

சிம்ஸ் பூங்கா, கோடநாடு காட்சிமுனை போன்ற இடங்களுக்குப் போக ஆசை வருவது இயல்பே. டிசம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை காலை நேரம் தெளிவாக இருக்கும். ஆனால் வெளியே முழுப் படத்தையும் முடிக்க முயலாதீர்கள். ஆங்கில ஓவியர் எட்வர்ட் லியர் 1874இல், தம் 62ஆம் வயதில், நீலகிரிக்கு வந்தார். இடத்திலேயே பென்சிலால் வேகமாக வரைந்து, எந்த இடத்தில் என்ன நிறம் என்று படத்தின் மேலேயே எழுதிவைத்துக்கொண்டு, பிறகு ஆற அமர வண்ணம் தீட்டுவது அவர் வழக்கம். பத்து நிமிடத்தில் மஞ்சு ஏறிவிடும் மலையில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. முதுகுள்ள மடக்கு நாற்காலி, தொப்பி, ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர், சிறிய பலகை ஆகியவை போதும்.

தேயிலைத் தோட்டத்துக்குள் தனியாகப் போய் உட்காராதீர்கள். காட்டெருமைகள் குன்னூர், கோத்தகிரிப் பக்கத் தோட்டங்களில் பகலிலேயே நடமாடுகின்றன. விடியலிலும் அந்தியிலும் கரடியும் வரும். வரைவதில் ஆழ்ந்திருப்பவருக்கு முதுகுப்புறம் நடப்பது தெரியாது. ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, வண்டி நிற்கும் இடத்துக்கு அருகில், பின்னால் சுவரோ வேலியோ இருக்கும்படி அமருங்கள். வனத்துறையின் எல்லைக்குள் அனுமதியில்லாமல் நுழைய வேண்டாம். தூரிகை கழுவிய தண்ணீரை ஓடையில் கொட்டாதீர்கள். கோபால்ட், காட்மியம் கலந்த வண்ணங்களும் உண்டு, கீழே இருப்பவர்கள் குடிக்கும் தண்ணீரும் அதுதான். ஒரு மூடியுள்ள பாட்டிலில் வீட்டுக்குக் கொண்டுவந்து, வண்டல் அடியில் தங்கிய பிறகு, வண்டலைத் தனியாக வழித்துக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழைய பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

சட்டமிடுவதும் மாட்டுவதும்

சட்டமிடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியின் உட்புறம் வேர்த்தால் அந்த ஈரம் நேராக வண்ணத்தில் இறங்கிவிடும். அமிலமில்லாத அட்டை என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் சில ஆண்டுகளில் தாளின் ஓரம் மஞ்சளிக்கும். வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில், நேரடி வெயில் படாத இடத்தில் மாட்டுங்கள். சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்பக்கம் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். ஆண்டுதோறும் தை பிறந்ததும், மழைக்காலத்து ஓதம் வற்றிய பிறகு, ஒவ்வொரு படத்தையும் இறக்கிப் பின்பக்கம் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு நாள் நிழலில் காற்றாட வைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள்.